நூற்று நாற்பத்திரண்டு படி

1

மெல்பேர்னிலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம் என்று என் பேத்தி போனில் தட்டிப் பார்த்துச் சொன்னாள். எண்ணாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். நேரே பறக்கிற விமானம் கிடைத்தால் ஏறக்குறைய பதினோரு மணி நேரம். "நடுவுல ஃபுல்லா கடல்தான் அப்பாயி" என்றாள். மைலில் சொல்லடி என்றேன். அதையும் தட்டினாள். ஐயாயிரம் மைலைத் தாண்டுகிறதாம்.

ஊரில் என்னைக் கண்டதும் எல்லாரும் கேட்பது இதைத்தான். "மீனாச்சியக்கா, பிளேன் எவ்வளவு நேரம் ஓடும்?" ஹட்டனுக்குப் போகிற பஸ்ஸைப் பற்றிக் கேட்கிற மாதிரிக் கேட்பார்கள். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன். எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும், எத்தனை தரம் சாப்பாடு தருவார்கள், முன் சீட்டின் முதுகில் இருக்கிற சின்னத் திரையில் பிளேன் எப்படி எறும்பு மாதிரிக் கடல் மேல் ஊர்கிறது, எல்லாம் சொல்வேன். ஒன்றை மட்டும் சொன்னதில்லை. அதை எழுதத்தான் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்றோடு நான்கு நாள். எனக்கு வேகமாக எழுத வராது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள்.

எழுத வைத்தது என் தம்பி மருதமுத்து. போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். இந்த வருடமும் மாரியம்மன் திருவிழாவுக்கு நான் வருகிறேன் என்று தெரிந்ததிலிருந்து அவன் குரலே வேறு மாதிரி ஆகிவிட்டது.

"அக்கா, ஒனக்கு ஒரு சாமான் செஞ்சு வச்சிருக்கேன். என்னான்னு சொல்லு பாப்போம்."

"என்னாடா, கூரைத் தகரம் மாத்துனியா?"

"அது அப்படியேதான் ஒழுகுது. ஆசாரிகிட்ட சொல்லி நாற்காலி செஞ்சேன். ரெண்டு பக்கமும் கம்பு பூட்டி, கால் வைக்கப் பலகையெல்லாம் வச்சு. இந்தத் தரம் ஒன்னைய ஆட்டாம அசைக்காம ரோட்டுலருந்து லயத்துக்குக் கொண்டு போயிருவேன். முன்கம்பு நான்தான். அதுல ஒருத்தனையும் கைவைக்க விடமாட்டேன்."

பேசும்போதே இருமினான். இருமல் நின்ற பிறகும் நெஞ்சுக்குள் ஒரு விசில் கேட்டுக்கொண்டே இருந்தது. இவ்வளவு கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தும் எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

என் காலில் ஒரு குறையும் இல்லை. அது அவனுக்குத் தெரியாது.

2

நான் இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் போன பிறகு மகன் ரவி கூப்பிட்டுக்கொண்டான். காலையில் மகனும் மருமகளும் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு நடக்கப் போவேன். ஓடைக்கரைப் பாதையில் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம். எதிரே நாயோடு வருகிற வெள்ளைக்காரக் கிழவிகள் கையாட்டுவார்கள். எனக்கு எழுபத்தொரு வயது. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கூடையோடு மலை ஏறிய கால், இந்தச் சமதரையில் போவதை நடை என்றே நினைப்பதில்லை.

கால் நடக்கும். கண்தான் படிக்காது. பஸ்ஸின் நெற்றியில் இங்கிலீசில் எழுதியிருப்பதும், கடையில் தொங்குவதும், வீட்டுக்கு வருகிற கடிதமும் எனக்கு ஒன்றுதான். வந்த புதிதில் தலைக்குப் போடுகிறது என்று நினைத்து, சட்டி கழுவுகிறதை எடுத்துத் தலைக்குப் போட்டுக் குளித்துவிட்டேன். மருமகள் சிரிக்கவில்லை. மறுநாள் ஒவ்வொரு போத்தலிலும் தமிழில் ஒரு துண்டு எழுதி ஒட்டியிருந்தாள். அந்தத் துண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம், அவள் அன்றைக்குச் சிரித்திருக்கலாம் என்று தோன்றும்.

ஊரில் நான் இப்படி இருந்தவள் இல்லை. பிரஜாவுரிமைக்குப் பாரம் நிரப்பிய காலத்தில் எங்கள் லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டிய அத்தனை வீட்டுப் பெண்களும் வரிசையாக நின்று மையில் பெருவிரலை அழுத்தினார்கள். நான் பேனாவைக் கேட்டு வாங்கி, மீனாட்சி என்று எழுதினேன். மேசையில் இருந்த ஐயா நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கிருந்து எனக்குக் கையெழுத்துக்காரி என்று பேர். மருந்துத் துண்டு, பள்ளிக்கூடக் கடிதம், மரண அறிவித்தல், எது வந்தாலும் என் வாசலுக்குத்தான் வரும். நான் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் காக்க வைத்துத்தான் வாங்கிப் படிப்பேன்.

போன வருடம் திருவிழாவுக்குத் தனியாகப் போக வேண்டி வந்தது. ரவிக்கு லீவு கிடைக்கவில்லை. நேரே போகிற விமானத்தில் இடமும் இல்லை. பாங்கொக்கில் இறங்கி வேறொன்றில் ஏற வேண்டும். அங்கே நான் எந்தப் போர்டைப் படித்து எந்த வாசலுக்குப் போவது? ரவி கம்பியூட்டரில் ஒரு பாரத்தைத் திறந்தான்.

"அம்மா, வீல்சேர் போட்டுர்றேன். இங்க ஏறுறதுலருந்து அங்க எறங்குற வரைக்கும் அவங்களே தள்ளிட்டுப் போய்ச் சேர்த்துருவாங்க. நீங்க யார்கிட்டயும் வாய் தொறக்க வேணாம்."

"நான் என்னா நொண்டியாடா?"

"இங்க நம்ம அம்மாமாரு எல்லாருமே இப்படித்தாம்மா போறாங்க. படிக்கத் தெரியாதவங்கன்னு பாரத்துல ஒரு கட்டம் இல்ல. கால் ஏலாதவங்கன்னுதான் இருக்கு."

மூன்று கட்டம் இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான். தூரம் நடக்க முடியாதவர். படி ஏற முடியாதவர். எழுந்திருக்கவே முடியாதவர். நடுக்கட்டத்தில் அடையாளம் போட்டான். பக்கத்தில் நின்ற பேத்தி அவனிடம் இங்கிலீசில் என்னவோ கேட்டாள். அவன் தட்டிக்கொண்டே இருந்தான். என் பக்கம் திரும்பினாள்.

"அப்பாயி, நீங்க டெய்லி நடக்கிறீங்களே. அப்புறம் ஏன் பொய்?"

"போய்ப் படி" என்றேன்.

இங்கே பிறந்த பிள்ளை. என்னோடு தமிழில் பேசுவதே விருந்தாளியோடு பேசுவது போல எண்ணி எண்ணித்தான் பேசுவாள். அவள் எண்ணாமல் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

3

பாங்கொக்குக்கு ஒன்பது மணி நேரம். அங்கே நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். என்னைத் தள்ளி வந்த பெண் ஒரு மூலையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். அந்த மூலையில் ஏழெட்டு நாற்காலிகள். எல்லாவற்றிலும் என் வயதுப் பெண்கள், சேலைக்காரிகள். எனக்கு எதிரே இருந்தவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சட்டென்று எழுந்து விறுவிறுவென்று கக்கூசுக்கு நடந்து போய், அதே வேகத்தில் திரும்பி வந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். எங்கள் கண் சந்தித்தது. இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

அங்கிருந்து கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு மூன்றரை மணி நேரம். விமான வாசலில் நாற்காலியோடு நின்ற ஆள் என் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"நீங்க மேல் டிவிசன் மீனாச்சியக்காதானே?"

எங்கள் தோட்டத்துச் செல்வராசு. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவன் அம்மா என்னோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள். அவன் பல வருடத்துக்கு முன்பே கீழே வந்து நீர்கொழும்புப் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். இந்த வேலையில் இருப்பான் என்று யார் கண்டது?

"ஐயோ, காலுக்கு என்னாக்கா ஆச்சு? மலையில ஆம்பளைங்களை முந்திக்கிட்டு ஏறுவீங்களே!"

காலுக்கு ஒன்றுமில்லையடா, எனக்குப் போர்டு படிக்கத் தெரியாது, அதுதான் இதில் வந்தேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் இவனுடைய அம்மா பெருவிரல் அழுத்தியபோது பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டவள் நான். இவன் வகுப்பில் பெயிலான வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை அவளுக்குப் படித்துச் சொன்னதும் நான்தான்.

"முழங்கால் தேஞ்சு போச்சுடா" என்றேன். "படி ஏற ஏலாது."

பாரத்தில் இருந்த வார்த்தை அப்படியே வாயில் வந்தது.

"அந்த ஊர்க் குளிரு அப்படிக்கா. கவலப்படாதீங்க" என்று சொல்லி என் சால்வையை இழுத்துப் போர்த்திவிட்டான். மேடு பள்ளம் பார்த்து, பூப்போலத் தள்ளினான். பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் எனக்காகச் சிங்களத்தில் பேசினான். பெட்டியை எடுத்து, வெளியே தம்பி அனுப்பியிருந்த வேனைத் தேடிப் பிடித்து, என்னை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தான். கால் ஏலாதவள் கனமாக இருப்பாள் என்று நினைத்து நான் உடம்பைத் தளர விட்டேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

4

வேன் அவிசாவளை தாண்டி, கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நின்று, ஹட்டன், கொட்டகலை என்று மேலே ஏறியது. ஏழு மணி நேரம். எங்கள் தோட்டத்து வளைவில் பனி இறங்கியிருந்தது. ரோட்டோரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். செல்வராசின் போன் எனக்கு முன்னாலேயே மலை ஏறியிருந்தது. அவர்களுக்கு நடுவில் தம்பி வீட்டு நாற்காலி. அதன் இரண்டு பக்கமும் மூங்கிலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

லயத்துக்கு வண்டி வராது. ரோட்டிலிருந்து நூற்று நாற்பத்திரண்டு படி. பிள்ளைப்பேற்றுக்காரியையும் மலையில் விழுந்தவரையும் கம்பளியில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் இறங்குவோம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, தோள்கள் தானாக வரும். ஆஸ்பத்திரிக்கு இறக்கத்தான் தூக்கிப் பார்த்திருக்கிறேன். ஒருவரை மேலே ஏற்றத் தூக்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன், அதுவும் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

தம்பி முன்கம்பைப் பிடித்தான். அவனுக்கு அறுபத்தைந்து வயது, பல வருடமாக இழுப்பு நோய்.

"மருதமுத்தண்ணே, தள்ளுங்க. நாங்க எளவட்டம் எதுக்கு இருக்கோம்?"

"போடா இவனே. நான் கைப்பிள்ளையா இருக்கையில பிள்ளைக்காம்பராவுலருந்து தெனமும் இந்தப் படியில என்னைய இடுப்புல தூக்கிட்டு வந்தது யாரு? ஒங்க ஆத்தாவா? எங்க அக்கா. இன்னைக்கு என் மொறை."

அது உண்மை. அம்மா மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் பிள்ளைக்காம்பரா. சாயந்திரம் அவனை வாங்கி வருவது என் வேலை. எனக்கு அப்போது ஏழு வயது.

அந்த நிமிடத்தில் எழுந்து நின்றிருக்கலாம். டேய், கால் நன்றாகத்தான் இருக்கிறது, விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சிரித்திருந்தால், அவர்களும் நாலு வசவு வைதுவிட்டுச் சிரித்திருப்பார்கள். நான் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

படிகளை எண்ணினேன். ஐம்பதில் அவன் கழுத்து நரம்பு புடைத்தது. எண்பதில் விசில் தொடங்கியது. "எறக்குடா, கொஞ்சம் ஆறிக்க" என்றேன்.

"சும்மா இரு அக்கா. எடையே இல்ல. அங்க ஒனக்குச் சாப்பாடு போடுறாங்களா இல்லயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லயத்து வாசலில் இறக்கி வைத்தபோது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். முகம் மட்டும் பொங்கல் பானை மாதிரி நிறைந்திருந்தது.

5

அதற்குப் பிறகு கால் ஏலாதவளாகவே இருக்க வேண்டியதாயிற்று. கக்கூசுக்குப் போக இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக வருவார்கள். கோயிலில் எல்லாருக்கும் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். சாமி சுற்றி வந்தபோது என் முன்னால் நின்றது. பூசாரி விபூதியை முழங்காலில் தேய்த்துவிட்டு, "ஆத்தா பாத்துக்குவா" என்றார். ஆத்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

நான்காம் நாள் எல்லாரும் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய், அங்கிருந்து மலைக்கும் போய்விட்டார்கள். தம்பி மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தான். லயம் காலி. என் கால் என்னைக் கேட்கவில்லை. எழுந்தேன், பின்பக்கமாகப் போய் ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன். பாதி மலை ஏறியும் மூச்சு வாங்கவில்லை. சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தோடு திரும்பினால், விறகுக் கட்டோடு பேச்சாயி நிற்கிறாள். அடுத்த வீட்டுக்காரி, இருபது வருடம் என்னோடு மலை ஏறியவள்.

விறகைக் கீழே போட்டாள். என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்டி மீனாச்சி, பூசாரி தேச்ச விபூதி இவ்வளவு சுருக்கா வேலை செய்யுமா? எனக்கும் கொஞ்சம் வாங்கிக் குடு. இடுப்பு வலிக்குது."

எல்லாவற்றையும் சொன்னேன். பாரம், கட்டம், பாங்கொக், செல்வராசு. அவள் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இங்க படிக்கத் தெரியாது. ஒனக்கு அங்க படிக்கத் தெரியாது. அவ்வளவுதானே? இதுக்குப் போயி நொண்டியானியா? நாப்பது வருசமா ஒன் வாசல்ல துண்டைக் கையில வச்சுக்கிட்டு நின்னேனே, நான் செத்தா போயிட்டேன்?"

அவள் விறகைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். பிறகு சிரிப்பில்லாத குரலில் கேட்டாள்.

"ஒன் தம்பிக்கு மூணு நாளா ராவு முழுக்க இழுக்குது. சுவரு ஒண்ணுதானே, எனக்குக் கேக்குது. உள்ள படுத்திருக்க ஒனக்குக் கேக்கலயா?"

கேட்டது. மூன்று நாளும் கேட்டது. கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

"சொல்லிருடி" என்றாள். "நான் சொல்லமாட்டேன். அது ஒன் வாயால வரணும்."

6

போகிற நாள் வரை நேரம் இருந்தது. ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் தம்பி யாரிடமாவது படி ஏறின கதையைச் சொல்லிக்கொண்டிருப்பான். "நடுவுல ஒரே ஒரு தரம்தான் மாமா நின்னேன்." நிற்கவே இல்லை என்று மறுநாள் மாற்றிச் சொன்னான். இதைப் பறித்துக்கொள்ள வேண்டுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் பெருமைக்காகச் சும்மா இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. காப்பாற்றியது என் பெருமையைத்தான்.

புறப்படுகிற காலையில் நாற்காலி வாசலில் தயாராக நின்றது.

"தம்பி, நான் மெதுவா எறங்கிப் பாக்குறேனே" என்றேன்.

"ஏன், நான் கெழவனாயிட்டேன்னு நெனைக்கிறியா?"

பேச்சாயி தன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்தேன். ஏறின நாளில் மலைப்பில் உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். இந்தத் தரம் அவன் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துதான் உட்கார்ந்தேன். இறக்கத்தில் பாரம் முழுவதும் முன்கம்புக்காரன் மேல்தான் வரும். அதுவும் எனக்குத் தெரியும்.

நான் மெல்பேர்ன் வந்து சேர்ந்த மறுநாள் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு கிழமை, பதினாலு நாள் இருந்தான். என்னிடம் சொல்ல வேண்டாம், அக்கா உடம்பு ஏலாதவள், தாங்கமாட்டாள் என்று சொல்லியிருந்தானாம். பேச்சாயிதான் தம்பி மகளின் போனைக் கேட்டு வாங்கிப் பேசினாள். "பொழைச்சுக்கிட்டான்" என்று ஒரே ஒரு வார்த்தை. அன்றைக்கு அவள் வைதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

7

இந்த வருடமும் நேரே போகிற விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. பாங்கொக் வழிதான். முந்தாநாள் ரவி பாரத்தைத் திறந்தான்.

"அந்தக் கட்டத்துல கைவைக்காத" என்றேன்.

"அம்மா, அங்க வழி தெரியாம நிப்பீங்க."

"நிக்கிறேன். நின்னு கேக்குறேன். கால்தான் இருக்கே."

என்ன பாஷையில் கேட்பீர்கள் என்றான். நான் பேத்தியைக் கூப்பிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது, தயவுசெய்து வழி காட்டுங்கள், இதை இங்கிலீசில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கொப்பியிலேயே தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னாள். ஐ கேனாட் ரீட். பிளீஸ் ஷோ மீ. நடக்கப் போகும்போது சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டாவது பாதி சுலபமாக வருகிறது. முதல் பாதியில்தான் நாக்கு நிற்கிறது. நேற்று ஓடைக்கரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியிடம் சொல்லிப் பார்த்தேன். அங்கே படிக்க ஒன்றுமே இல்லை. அவள் பாவம், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பாதையைக் காட்டினாள்.

தம்பியிடம் போனில் சொல்ல மூன்று தரம் பார்த்தேன். அவன் நாற்காலியைப் பற்றிப் பேசுவான், என் வாய் மழையைப் பற்றிப் பேசும். அதனால்தான் நம் மலைப் பக்கத்துப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறேன். எங்கள் லயத்தில் ஒரு வீட்டிலாவது இதை வாங்குவார்கள். தம்பி மகள் சத்தமாகப் படிப்பாள். சுவர் ஒன்றுதான், பேச்சாயிக்கும் கேட்கும். செல்வராசுவுக்கு யாராவது போனில் சொல்லிவிடுங்கள். கட்டுநாயக்காவில் அவன் நின்றால் நான் அவனோடு நடந்து வருவேன். கடல் தாண்ட எவ்வளவு நேரம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் படிகள் எனக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்றுதான் தெரியவில்லை. போன வருடம் ஆறு நிமிடத்தில் ஏறியிருப்பேன். இந்த வருடம் எல்லார் கண்ணும் என் காலில் இருக்கும்.

தம்பி, என்னை வைய வேண்டியதை எல்லாம் ரோட்டிலேயே வைதுவிடு. கேட்டுக்கொண்டே ஏறி வருகிறேன். நீ என் பின்னால் மெதுவாக வா, மூச்சு வாங்கினால் நில், நானும் நிற்பேன். ஆசாரி பூட்டிய கம்புகளைக் கழற்றிவிடு. நாற்காலியை மட்டும் வாசலில் போட்டு வை. மேலே வந்து சேர்ந்ததும் நீ உட்கார ஒன்று வேண்டும்.